ஆளைக் கொண்டாங்க

பத்து வயதுப் பிள்ளைக்குச் சீனி வருத்தம் வரும் என்று அன்னப்பூரணி அதுவரை கேள்விப்பட்டதில்லை. அது பெருவயல்காரப் போடிமாருக்கும் கதிரையில் இருந்து உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கும் வருகிற வருத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். நிரோசினியோ காற்றடித்தால் சரிகிற பிள்ளை. செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தது, சொல்லி வாய் மூடுமுன் மூத்திரத்துக்கு ஓடியது, சட்டை தோளில் நிற்காமல் வழுகியது. கண்ணூறு என்றார்கள், நூல் கட்டினார்கள். கடைசியில் வகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தோணியில் கிடத்தி, வாவியைக் கடந்து பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போனபோதுதான் அங்கிருந்த டொக்டர் விஷயத்தைச் சொன்னார். இந்தப் பிள்ளையின் உடம்பு இனி இன்சுலினைத் தானாகச் சுரக்காது. காலையும் மாலையும் ஊசி போட்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல வளரும், படிக்கும், கலியாணம் முடிக்கும். போடாவிட்டால் கிழமைக் கணக்கில்கூடத் தாங்காது.

"எவ்வளவு காலத்துக்கு, ஐயா?"

"உயிரோட இருக்கிற காலத்துக்கு."

அன்னப்பூரணி பிறந்தது களுதாவளைக் கடற்கரைப் பக்கம். மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். நல்லரத்தினமும் அப்படித்தான் வாவிக்கு மேற்கே இருந்த கண்ணாமுனையிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தவன். சுனாமி அந்த வழக்கத்தையும் புரட்டிப் போட்டது. வீடு போய், கிணறு உப்பாகி, அவளுடைய தாயும் தகப்பனும் ஒரே குழிக்குள் போன பிறகு, அவள் புருஷனுடைய ஊருக்குப் பிள்ளையோடு வந்து, அவனுடைய அக்கா சீதேவிப்பிள்ளையின் வளவில் ஒரு மூலையில் குடிலடித்தாள்.

சீதேவிப்பிள்ளைக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, சீனி வருத்தம் இருந்தது. அவளும் ஊசிக்காரிதான். ஆனால் அதைப் பெரிதாய் எடுப்பதில்லை. இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு வாவிக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் குந்தியிருந்து, கரையோரக் கண்ணா மரங்களின் வேர்களுக்குள் கையை விட்டு இறால் தடவுவாள். நீரில் ஊறி வெளுத்த விரல்களோடு கரையேறி, அந்த ஈரச் சேலையோடேயே தொடையில் ஊசியைக் குத்திவிட்டு, "ம், குடிச்சிற்றா? இனிச் சத்தம் போடாம இரி" என்று தன் வருத்தத்தைப் பார்த்துச் சொல்வாள். நிரோசினிக்கு அதைக் கேட்டால் சிரிப்பு. மாமி சிரிக்க வைத்த கையோடு தாய் பிள்ளைக்கு ஊசியைப் போட்டு முடித்துவிடுவாள்.

ஊரில் கரண்ட் இல்லை. அகன்ற மண்பானையில் ஈரமணலை நிரப்பி, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, அதில்தான் இருவருடைய மருந்துக் குப்பிகளும் இருந்தன. மாதம் ஒரு முறை மூவருமாய்ப் பாதையில் ஏறி அக்கரை போவார்கள். கயிற்றில் இழுபட்டுப் போகும் அந்த மிதவையில் மாடும் நெல்மூட்டையும் சைக்கிளும் மனிதரும் ஒன்றாய் நிற்பார்கள். போகிற வழியெல்லாம் சீதேவிப்பிள்ளை கதைத்துக்கொண்டே வருவாள். வரும்போது ஒரு பாண் வாங்கி மூன்றாய்ப் பிய்த்துத் தின்பார்கள். அன்னப்பூரணிக்கு அந்தப் பயணங்கள் பிடித்திருந்தன என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணாமுனையிலும் ஆசுபத்திரி இருந்தது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் கட்டித் தந்தது. வெள்ளைச் சுவர், நீலக் கூரை, வாசலில் பளிங்குக் கல். கட்டில்கள்கூட வந்தன. டொக்டர் மட்டும் வரவில்லை. மருந்து கொடுக்க இருந்த அப்போதிக்கரி ஐயாவும் சண்டை மூண்டதும் லீவில் போனவர் போனவர்தான். பிறகு அந்த விறாந்தையில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கின.

சண்டை மூண்ட வருஷம் பாதை நின்றது. அக்கரைக்குப் போவதென்றால் சுற்றுவழி, இரண்டு பக்கத்துக் காவலரண்கள், கேள்விகள். பற்றரி போகக்கூடாது, சீமெந்து போகக்கூடாது, மருந்து கணக்குக்கு மிஞ்சிப் போகக்கூடாது. இரண்டு குப்பிக்கு மேல் கொண்டு வந்தால் ஆருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டார்கள். பிள்ளைக்கு என்றால் எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டார்கள். அன்னப்பூரணி நிரோசினியின் சட்டையைத் தூக்கி, வயிற்றில் இருந்த ஊசித் தழும்புகளைக் காட்டுவாள். பிள்ளை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளும். திரும்பி வரும்போது அது கதைக்காது.

மாரி வெள்ளாமை அறுப்புக்கு வந்திருந்த நேரம். வயல் வட்டை முழுவதும் பொன்னாய்ச் சாய்ந்து கிடந்தது. அறுத்த கதிர் பாதி களவெட்டியில் சூட்டுப் போராய்க் குவிந்திருந்தது, பாதி நின்றது. அன்னப்பூரணி கதிர் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் ஷெல் வாவிக்குள் விழுந்தது. இரண்டாவது வட்டைக்குள் விழுந்தது. மூன்றாவது எங்கே விழுந்ததென்று ஆரும் நின்று பார்க்கவில்லை. நல்லரத்தினம் கத்தியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு ஓடி வந்து, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான்.

"பானைய எடு அக்கா! பானைய எடு!"

"நீ ஓடு மனே. பானை என்ட தலையில இரிக்கி."

ஊரே நடந்தது. வயல் வரம்பால், வாய்க்காலால், பற்றைக் காட்டுக்குள்ளால் நடந்தது. சீதேவிப்பிள்ளை அந்த ஈரமணல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்தபடி, செருப்பில்லாமல் நடந்தாள். ஒரு செருப்பு வளவிலேயே கழன்றது. மற்றதைச் சேறு இழுத்துக்கொண்டது. அறுத்த வயலின் தாள்கட்டை ஆணி மாதிரி நிற்கும். அதில் ஒன்று அவளுடைய குதிகாலில் ஏறியதை அவள் உணரவில்லை. சீனிக்காரருடைய கால் மரத்த கால்.

"மச்சாள், உங்கட கால்ல ரெத்தம்," என்று அன்னப்பூரணிதான் கண்டு சொன்னாள்.

"ஆற்ற காலோ எண்டு பாத்தன். என்டதா?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "நட புள்ள. ரெத்தம் தானா நிக்கும். நாம நிண்டாத்தான் சரியில்ல."

வாவிக்குக் கிழக்கே, ஆமியின் பிடியில் இருந்த எழுவான்கரையில் அவர்களை இருத்திய இடம் ஒரு தென்னந்தோட்டம். தென்னைகளுக்கு இடையில் வெள்ளைத் தறப்பாள் கூடாரங்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி. ஒரு கேற்று, அதில் மூங்கில் தடி, தடியின் பக்கத்தில் மணல்மூட்டைக் காவலரண். உங்களுடைய பாதுகாப்புக்குத்தான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரின் பெயர், குடும்பத்தின் பெயர் பதிந்தார்கள். முகமூடி போட்ட ஒருவனுக்கு முன்னால் ஆம்பிளைகளை வரிசையாய் நடத்தினார்கள். அவன் தலையாட்டியவர்கள் திரும்பிக் கூடாரத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஆம்பிளைகள் கேற்றுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. எது கேட்பதென்றாலும் பெண்கள்தான் போனார்கள்.

சமைத்துக் கொடுத்தார்கள். காலையில் பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும். மற்ற இரண்டு வேளையும் சோறும் பருப்பும். சில நாள் கோதம்பமா ரொட்டி. நிரோசினிக்கு அதில் எதைத் தின்னக் கொடுப்பதென்று அன்னப்பூரணிக்கு விளங்கவில்லை. தின்னாவிட்டாலும் கூடாது, தின்றாலும் கூடாது. கம்பிக்குப் பக்கத்தில் முளைத்திருந்த பொன்னாங்காணியைக் கிள்ளி வந்து, பால்டின்னில் அவித்துக் கொடுத்தாள்.

பங்குனி வெயில். நடுப்பகலில் தறப்பாளுக்குக் கீழே இருப்பது சோற்றுப்பானைக்குள் இருப்பது போலத்தான். குடிக்கிற தண்ணீருக்கே பவுசர் லொறி வரும் வரை வரிசையில் நிற்கிற இடத்தில், மணலை நனைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? ஒரு நாள் காலை அன்னப்பூரணி குப்பியை உருட்டிப் பார்த்தாள். பால் போல ஒன்றாய்க் கலங்க வேண்டிய மருந்து, திரைந்த பால் மாதிரித் துகள் துகளாய்க் கண்ணாடியில் ஒட்டி நின்றது. அதைத்தான் போட்டாள். பின்னேரமும் போட்டாள். மறுநாள் பிள்ளை மீண்டும் செம்பு செம்பாய்த் தண்ணீர் கேட்கத் தொடங்கியது.

சீதேவிப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து பழுதாப் போயிற்று, என்ன?"

"ஓம் மச்சாள்."

"என்ட குப்பி நல்லா இரிக்கி. நான் அதச் சேலையில சுத்தி மண்ணுக்குள்ள தாட்டு வெச்சிருந்தன். இந்தா."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு வயசு போயிற்று. என்ட உடம்புல கொஞ்சமாவது தானா ஊறுதாம். முந்தி டொக்டர் சொன்னவர். புள்ளைக்குத்தான் ஒண்டும் இல்ல. ரெண்டு நாளைக்கி நான் ரொட்டி தின்னாம இருந்தாச் சரி. புதன்கிழமை டொக்டர் வாறாராமே, மறுகா எடுப்பம்."

வேண்டாம் என்று ஒரு சொல் அன்னப்பூரணியின் வாயில் வரவில்லை. கை தானாக நீண்டது. குப்பியை வாங்கி, ஊசியில் இழுத்து, பிள்ளையின் தொடையில் போட்ட பிறகுதான் நிமிர்ந்து மச்சாளின் முகத்தைப் பார்த்தாள். சீதேவிப்பிள்ளை தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் ஊதி மினுங்கியது.

புதன்கிழமை டொக்டர் வந்தார். இளம் பொடியன்தான். ஒரு மேசை, ஒரு கதிரை, இரண்டு பெட்டி மருந்து. தோட்டம் முழுவதும் வரிசை. சிரங்கு, இருமல், வயிற்றோட்டம், பிள்ளைத்தாய்ச்சிகள். அன்னப்பூரணியின் முறை வந்தபோது பொழுது சரிந்துவிட்டது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்சுலின் எங்களிட்ட இல்ல அம்மா. கொண்டு வந்து வெக்க ஐஸ் பெட்டியும் இல்ல. பெரியாசுபத்திரிக்குத்தான் போகணும். துண்டு எழுதித் தாறன்."

"ரெண்டு பேருக்கு எழுதுங்க ஐயா. மச்சாளுக்குக் கால்ல புண். அவவால வரிசையில நிக்க ஏலாது."

"ரெண்டு பேருக்கும் எழுதுறன். முகாம் கந்தோர்ல குடுங்க. அவங்க பாஸ் தருவாங்க."

கந்தோரில் இருந்த கிளாக்கர்மார் துண்டை வாங்கிக் கட்டோடு கட்டாய் வைத்தார்கள். நாளைக்கு என்றார்கள். நாளைக்குப் போனால் பெரியவர் கையெழுத்து வைக்கவில்லை என்றார்கள். பெரியவரைத் தேடிப் போனால், அது கேற்றில் நிற்கிறவர்கள் சரி சொல்ல வேண்டும் என்றார். கேற்றில் கேட்டால் கந்தோரைக் காட்டினார்கள். ஆரும் அவளை ஏசவில்லை. எல்லாரும் கையைத்தான் நீட்டிக் காட்டினார்கள், ஒருவர் மற்றவரை.

அன்று பின்னேரம் சீதேவிப்பிள்ளை கூடார வாசலில் காலை நீட்டி இருந்துகொண்டு சொன்னாள்:

"கடல் அடிச்சக்குள்ள நினைவிரிக்கா அன்னம்? எத்தின டொக்டர்மார். வெள்ளை, கறுப்பு, சீனன் எல்லாம் வந்தான். தலையிடி எண்டு சும்மா நெத்தியில கை வெச்சாலும் மூணு பேர் ஓடி வருவாங்க."

"நினைவிரிக்கி மச்சாள். நிரோசினிக்கி அப்ப ஒரு வருத்தமுமில்ல. ஒருத்தி வந்து வாயத் திறக்கச் சொல்லிப் பல்லெல்லாம் எண்ணிப் பாத்தாள்."

"அப்ப நம்மளில இரக்கப்பட்டாங்க. கடல் அடிச்சது ஆற்ற பிழையுமில்ல. இப்ப ஆரு இரக்கப்படுற? ஒருத்தன் இரக்கப்பட்டா மற்றவனுக்குக் கோவம் வரும்." அவள் வெற்றிலைக்கு மடியைத் தடவினாள். வெற்றிலை இல்லை. "மனிசரிட இரக்கத்த நம்பி வருத்தம் வரக்கூடாது புள்ள."

"கால் நோகுதா?"

"நொந்தா நல்லமே. நோகுதில்ல எண்டதுதான் எனக்குப் பயம்."

அவளுக்குக் காய்ச்சல் காய்ந்தது. நல்லரத்தினம் வேப்பிலை அவித்த தண்ணீரால் அக்காவின் காலைக் கழுவினான். கழுவும்போது வந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவி முடித்தான்.

சீதேவிப்பிள்ளையின் குப்பி மருந்தும் அந்த வெயிலில் திரைந்தது. ஒரு காலைப் பொழுதில் நிரோசினி குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்தது. பிறகு எடுக்க ஒன்றுமில்லாமல் ஓங்காளித்தது. வயிறு நோகுது அம்மா என்றது. கொஞ்ச நேரத்தில் அதையும் சொல்லவில்லை. ஓடி வந்து நின்றது போல மூச்சை ஆழமாய் ஆழமாய் இழுத்தது. அன்னப்பூரணி பிள்ளையின் வாயருகே குனிந்தாள். பழுத்துக் கெட்ட பழத்தின் வாசம். முதல் முறை வகுப்பில் விழுந்த அன்றும் இதே வாசம்தான்.

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். பதினொரு வயதுப் பிள்ளை பாயைத் தூக்கினாற்போல வந்தது.

நல்லரத்தினம் எழுந்தான். "நான் கொண்டு போறன்."

"நீங்க வந்தா உங்களப் பிடிச்சிற்றுப் புள்ளைய விட்டுருவாங்க. மறுகா ஆரு தூக்குற? இரிங்க. அக்காவப் பாருங்க."

சீதேவிப்பிள்ளை பாயில் கிடந்தபடி தலையைத் தூக்கினாள். கண் இரண்டும் சிவந்து மினுங்கின.

"மச்சாள், உங்களையும்..." என்று அன்னப்பூரணி தொடங்கினாள்.

"நான் ஒரு சுமை, புள்ள ஒரு சுமை. ரெண்டத் தூக்க ஏலாது உன்னால. போ. எனக்கு நாளைக்கிப் பாப்பம்."

அன்னப்பூரணி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கேற்றில் நின்றவன் கையை நீட்டினான். "பாஸ்?"

"பாஸ் இல்ல. புள்ள சாகப் போகுது."

"டொக்டர் புதன்கிழமை வாற."

"புதன்கிழமை வரைக்கும் இது பொறுக்காது. வாயில மணந்து பாருங்க. உங்களுக்கும் புள்ள இரிக்கும். மணந்து பாருங்க."

அவனுக்குப் பாதி விளங்கியது. பிள்ளையைப் பார்த்தான். பிறகு மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்த அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வானொலிப் பெட்டியில் எவருடனோ கதைத்துக்கொண்டிருந்தான். அன்னப்பூரணி கொஞ்சம் நின்றாள். பிள்ளையின் மூச்சு அவளுடைய கழுத்தில் சூடாய் அடித்தது. பிறகு அவள் குனிந்து மூங்கில் தடிக்குக் கீழால் புகுந்து றோட்டில் ஏறினாள்.

பின்னால் துவக்கில் குண்டு ஏற்றும் சத்தம் கேட்டது. அவள் நிற்கவில்லை. நின்றால் தன் கால் மறுபடி நடக்காதென்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பவுசருக்கு வரிசையில் நின்ற பெண்களுக்குள் இருந்து இலட்சுமிப்பிள்ளை என்பவள், அன்னப்பூரணியோடு அதற்கு முன் நாலு வார்த்தை பேசியிராதவள், வாளியை வைத்துவிட்டு வந்து, தானும் குனிந்து தடிக்குக் கீழால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு அந்த வரிசையே. எவரும் சத்தம் போடவில்லை. ஒரு பிள்ளையைத் தூக்கிய பெண்ணுக்குப் பின்னால் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் போலக் கூட்டமாய் நடந்தார்கள்.

அதிகாரி ஓடி வந்து முன்னால் நின்றான். அவனுக்கும் வயது அதிகமில்லை. இத்தனை பெண்களை என்ன செய்வதென்று அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. கடைசியில் அவன் அன்னப்பூரணியைச் சுட்டினான்.

"இவ மட்டும் போற. மற்ற ஆக்கள் எல்லாம் உள்ள போங்க. இவ மட்டும்."

பெண்கள் அன்னப்பூரணியைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். இவ மட்டும் என்றதே அப்போது அவளுக்குப் பெரிய வரமாக இருந்தது.

றோட்டில் ஒரு த்ரீவீல் வந்தது. அதை ஓட்டி வந்தவன் காத்தான்குடி ஹலீம். முகாம் வாசலில் நிறுத்தினால் தொல்லை என்று எல்லா வண்டிகளும் அந்த இடத்தில் வேகம் பிடித்துப் போகும். அவனும் தாண்டிப் போய், பிறகு பின்னுக்கு வந்தான்.

"ஏறு ராத்தா. புள்ளட தலைய நிமித்திப் பிடி. அல்லாஹ் காப்பாத்துவான், பிடி."

வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டு இடத்திலும் ஹலீமே இறங்கி, சிங்களத்தில் கதைத்துக் கும்பிட்டான். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் என்றது.

பெரியாசுபத்திரி வார்ட்டில் இருந்த பெரிய தாதி ஓட்றி மிஸ். நகரத்துப் பறங்கிப் பெண், தடித்த கண்ணாடி, உரத்த குரல். அவள் பிள்ளையின் வாயை மணந்ததும் அன்னப்பூரணியைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டு, டொக்டரைக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். மணிக்கு மணி விரலில் குத்திப் பார்த்தார்கள். அன்னப்பூரணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். மறுநாள் விடியும்போது மூச்சு இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் பிள்ளை பசிக்குது என்றது. ஓட்றி மிஸ் தன்னுடைய சாப்பாட்டில் இருந்து ஒரு அவித்த முட்டையை உரித்து அதன் கையில் வைத்தாள்.

அப்போதுதான் அன்னப்பூரணிக்கு மற்றக் கதையைச் சொல்ல வாய் வந்தது.

"மிஸ், முகாமில இன்னொராள் இரிக்கா. என்ட புருசன்ட அக்கா. அவவும் ஊசிக்காரி. அவட மருந்தத்தான் என்ட புள்ளைக்குப் போட்டன். கால்ல புண்ணு, காய்ச்சல். அவவுக்கும் மருந்து தாங்க மிஸ்."

"ஆளக் கொண்டாங்க."

"ஆள விடுறாங்க இல்ல மிஸ்."

"ஆளப் பாக்காம என்ன மருந்த, எவ்வளவு எண்டு தாற? கால் புண்ணெண்டா உள்ள எவ்வளவு போயிருக்கோ. வெட்ட வேண்டி வருமோ. அது குப்பியில குடுத்துவிடுற வருத்தம் இல்ல, விளங்குதா? ஆளக் கொண்டாங்க."

"அம்புலன்ஸ் ஒண்டு அனுப்ப ஏலாதா?"

ஓட்றி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் கேட்டனான். உங்கட முகாமுக்கு மட்டுமில்ல, மற்றதுகளுக்கும். அவங்க கேட்டா அனுப்புவம் எண்டு இவங்க சொல்றாங்க. இவங்க அனுப்பினா விடுவம் எண்டு அவங்க சொல்றாங்க. நான் என்ன செய்ய, புள்ள? எனக்கிருக்கிறது இந்த வார்ட்டு."

மூன்றாம் நாள் துண்டு வெட்டிப் பிள்ளையை வார்ட்டிலிருந்து விட்டார்கள். ஓட்றி மிஸ் ஐஸ் போட்ட பிளாஸ்கில் இரண்டு குப்பி வைத்துத் தந்தாள். இரண்டாவது ஆருக்கென்று இருவருக்கும் தெரியும். பஸ்ஸில் நிரோசினி யன்னலோரம் இருந்து வாவியைப் பார்த்தது. மாமிக்கு முட்டைக் கதையைச் சொல்ல வேண்டும் என்றது.

முகாம் கேற்றில் இறங்கியபோது நல்லரத்தினம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். இத்தனை நாளும் கேற்றுப் பக்கம் வராதவன் வெளியில் எல்லாரும் காண நின்றான். மொட்டை அடித்திருந்தான்.

அன்னப்பூரணி அவனுடைய தலையைப் பார்த்தாள். பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எப்ப?"

"நீ போன அடுத்த நாள் பகலைக்கி." அவன் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "காய்ச்சல்ல புலம்பினா. இறால் வித்திற்றா எண்டு கேட்டா. பானையில மண் நனைஞ்சிரிக்கா எண்டு கேட்டா. மறுகா பேச்சில்ல. நான் கேற்றடிக்கு ஓடினன் அன்னம். பிடிச்சாப் பிடிக்கட்டும் எண்டு ஓடினன். துண்டு கேட்டாங்க. கந்தோருக்கு ஓடினன். திரும்பி வரக்குள்ள அக்கா இல்ல."

"எங்க அடக்கினீங்க?"

"செத்துப் போனா எண்டதும் உடன ஜீப் வந்திற்று. ஒரு பாசும் கேக்கல்ல. முகாமில சாவெண்டா விசாரணை வேணுமாம். நானும் கூட ஏறினன். நீ இருந்த பெரியாசுபத்திரிக்குத்தான் கொண்டு போனாங்க. சவச்சாலைக்கி. அங்க வெட்டிப் பாத்திற்று, பின்னேரமே தந்தாங்க. இஞ்ச பக்கத்து ஊர் மயானத்தில ஒரு மூலையில..." அவன் மூக்கைத் துடைத்தான். "உன்னப் பாக்க விடச் சொல்லிக் கேட்டன். மேல வார்ட்டில என்ட பொஞ்சாதி இரிக்கா எண்டு சொன்னன். நேரமில்ல எண்டாங்க."

அன்னப்பூரணி அந்தப் பகலை நினைத்துப் பார்த்தாள். அவள் மேலே, கட்டில் காலைப் பிடித்தபடி, பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். கீழே, அதே வளவுக்குள், அதே ஆசுபத்திரியில், மச்சாள் கிடந்திருக்கிறாள். ஆளைக் கொண்டாங்க என்று ஓட்றி மிஸ் சொன்னபோது ஆள் வந்து போயிருந்தாள்.

அவள் அழவில்லை. பிள்ளைக்குப் பின்னேர ஊசி போடும் நேரமாயிருந்தது. போட்டாள். ஊசி இறங்கும்போது நிரோசினி வாய்க்குள், "குடிச்சிற்றா? இனிச் சத்தம் போடாம இரி," என்றது. அதற்குப் பிறகுதான் தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தி அழுதார்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரர் வந்து வாசலில் குந்தினார்கள்.

மறுநாள் பாண் கொடுத்து முடிந்ததும் அன்னப்பூரணி எழுந்து கூடாரம் கூடாரமாய்ப் போனாள். ஒரு வாசல் விடவில்லை.

"இஞ்ச வருத்தக்காரர் ஆரும் இரிக்காங்களா?"

"ஏன் கா?"

"ஆசுபத்திரிக்குப் போவம். கேற்றடிக்கு வாங்க. நடக்க ஏலாதவங்களத் தூக்கிற்று வாங்க."

"பாஸ் தந்திற்றாங்களா?"

"இல்ல."

"அப்ப எப்பிடிப் போற?"

"கேற்றடிக்கு வாங்க," என்றாள் அவள். அடுத்த வாசலுக்குப் போனாள்.

சிலர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். பிரச்சினைக்காரி என்று ஒருவர் முணுமுணுத்தார். இலட்சுமிப்பிள்ளை முதலில் வந்தாள். இழுப்பு வருத்தக்காரத் தகப்பனைக் கைத்தாங்கலாய்க் கூட்டி வந்தாள். ஷெல் துண்டு தோளில் இருந்த பெண் வந்தாள். மாதம் நிறைந்து கால் இரண்டும் தூணாய் வீங்கிய பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். காய்ச்சல் குழந்தைகளோடு தாய்மார் வந்தார்கள். வெயில் ஏறும்போது கேற்றில் இருந்து பவுசர் நிற்கிற இடம் வரை ஆட்கள் நின்றார்கள். இந்த முறை நல்லரத்தினமும் நின்றான், ஒரு கிழவரை முதுகில் சுமந்தபடி.

அன்றைய அதிகாரியும் அதே இளம் அதிகாரிதான். அன்னப்பூரணியைக் கண்டதும் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"உங்கட பிள்ளை சுகம்?"

"சுகம்."

"மருந்து கிடைச்சது?"

"கிடைச்சது."

"அப்ப ஏன் திரும்பியும்? உங்களுக்கு இப்ப பிரச்சின இல்லத்தானே."

அன்னப்பூரணி அவனை நேராய்ப் பார்த்தாள். அவனுக்கு விளங்கட்டும் என்று மெல்ல மெல்லச் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்க சொன்னீங்க, இவ மட்டும் போகட்டும் எண்டு. நானும் சந்தோசமாப் போனன். கூடாரத்தில ஒராள விட்டுட்டுப் போனன். வந்து பாக்கக்குள்ள அவ இல்ல. இனி 'இவ மட்டும்' எண்டாப் போகமாட்டன். போறதெண்டா எல்லாரும்தான் போற. வாகனத்தக் கூப்பிடுங்க."

அவன் கோபப்படுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் வரிசையைப் பார்த்தான், அதன் நுனி வரை பார்த்தான். பிறகு காவலரணுக்குள் போய் வானொலிப் பெட்டியை எடுத்தான். என்ன கதைத்தான் என்று தெரியவில்லை. ஓம் என்றும் இல்லை என்றும் முகத்தில் ஒன்றும் இல்லை. வெயில் தென்னோலைகளுக்கு மேலால் வந்து தலையில் இறங்கியது. மூங்கில் தடி கிடந்தபடியே கிடந்தது.

பிள்ளைத்தாய்ச்சியின் கால்கள் நடுங்கின. அவள் அன்னப்பூரணியின் தோளைப் பிடித்தாள். காவலரண் நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. அன்னப்பூரணி தடிக்கு மேலால் கையை நீட்டினாள்.

"தம்பி, அந்தக் கதிரையத் தாங்க. இவவுக்கு நிக்க ஏலாது."

துவக்கோடு நின்றவன் அதிகாரி பக்கம் பார்த்தான். அதிகாரி முதுகைக் காட்டியபடி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான். துவக்குக்காரன், கையால் எடுத்துக் கொடுக்காமல், பூட்ஸ் காலால் கதிரையைத் தடிக்குக் கீழால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டான்.